செவலையைத் திறக்க வேண்டாம்

சிவமயம்

பாளையங்கோட்டை
4-6-1995

அன்பு மகள் விஜிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அந்தச் சீமையில் சுகமாக இருக்க நெல்லையப்பர் துணை இருப்பார். போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. அதற்கு முந்தினதுக்கும் போடவில்லை. தபால்காரரைக் குறை சொல்லி மனசைத் தேற்றிக்கொள்கிறேன்.

மே மாதத்தோடு பொதுப்பணித் துறைக்கும் எனக்கும் இருந்த சம்பந்தம் முடிந்தது. மாலை போட்டு, சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். மறுநாளே கல்லிடைக்குறிச்சிக்குப் பஸ் ஏறினேன். உனக்குத் தெரியாமல் எதையும் செய்யக் கூடாது என்பதால் சொல்லிவிடுகிறேன்: செவலையை மறுபடி வாங்கிவிட்டேன்.

ஆமாம், அதே செவலைதான். ஐம்பத்தெட்டாம் வருஷத்துச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட்டு, எஸ்டேட் துரையிடமிருந்து கல்யாணத்துக்கு முன் நான் வாங்கினது. உன் அம்மா கடைசியாக ஏறின வண்டி. அன்று பழைய இரும்பு விலைக்கு அதை எடுத்துப்போன கருத்தையா என்பவருடைய அரிசி ஆலைக் கொட்டகையில் பன்னிரண்டு வருஷமாகக் கிடக்கிறது. முன்பக்கம் நசுங்கினது நசுங்கினபடியே இருக்கிறது. அம்மா உட்கார்ந்த சீட்டில் கோழி அடை காக்கிறது. பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டேன்.

எதற்கு இந்த வேண்டாத வேலை என்பாய். எண்பத்து மூன்று விஜயதசமி அன்று, நானும் உன் அம்மா நீலாவும் சொரிமுத்தையனாரைக் கும்பிட்டுவிட்டு மலை இறங்கும்போது, மூன்றாவது வளைவில் பிரேக் பெடல் தரையோடு போய்விட்டது. பாலத்துச் சுவரில் மோதினபோது முன்பக்கம் நொறுங்கிவிட்டதால் அன்று யாராலும் எதையும் பார்த்துச் சொல்ல முடியவில்லை. நான் சொன்னதை ஒருத்தரும் நம்பவில்லை. ‘அதிவேகம், அஜாக்கிரதை’ என்று கோர்ட்டில் தீர்ப்பானது. அம்மாவைத் தூக்கும் முன், கேத வீட்டில் எல்லார் முன்னாலும் உன் அம்மையப்பன் மாமா, “அத்தான், எங்க அக்காளைக் கொன்னுட்டீரே” என்றான். பதின்மூன்று வயசுப் பிள்ளை நீ பக்கத்தில் நின்றாய். அன்று திருப்பிக்கொண்ட முகத்தை நீ இன்னும் என் பக்கம் திருப்பவில்லை. கல்யாணமாகிப் போய் நாலு வருஷம், ஒரு தடவைகூட ஊருக்கு வரவில்லை.

எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது, விஜி. நிஜமாகவே பிரேக் போனதா, இல்லை நான்தான் வேகமாகப் பறத்தினேனா? அந்த பிரேக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிறகு செவலையைச் சரிபண்ணி, அதே மலையிலிருந்து அதே வழியில் இறங்க வேண்டும்.

ஆசிகளுடன்
அப்பா

கேபரோன், போட்ஸ்வானா
22-6-1995

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த நேரம் அடுப்பில் பால் வைத்திருந்தேன். பால் பொங்கி, வற்றி, தீய்ந்து, அவர் ஓடிவந்து அணைக்கும் வரைக்கும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பதில் போடாதது தப்புதான், திட்டிக்கொள்ளுங்கள். ஆனால் இந்த வண்டி விஷயம் வேண்டாம்.

எனக்கு பயமாக இருக்கிறது. உங்களுக்கு வயசு ஐம்பத்தெட்டு. உடைந்த தோள்பட்டை மழை பெய்தால் இன்னும் வலிக்கிறது என்று நீங்கள்தான் எழுதினீர்கள். வண்டி ஆசை இருந்தால் புதுசாக ஒரு மாருதி வாங்கி டவுனுக்குள் ஓட்டுங்கள். அம்மாவை முழுங்கின வண்டியை எதற்கு மறுபடி வீட்டுக்குக் கொண்டுவருகிறீர்கள்?

கொண்டுவந்தே தீருவேன் என்றால் ஒன்று மட்டும் கேளுங்கள். பழைய பிரேக்கைப் பிரிக்காதீர்கள். அப்படியே கழற்றி ஆற்றில் போட்டுவிட்டு வேறு மாட்டுங்கள். திறந்து பார்த்து என்ன ஆகப்போகிறது? அம்மா எழுந்து வரப்போகிறாளா?

இங்கே மழையே இல்லை. ஆறு என்று ஒன்றைக் காட்டினார்கள், மணல்தான் ஓடுகிறது. சமையலறையில் எல்லா டப்பாவிலும் பேர் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒட்டின பேரை இரண்டு தடவை படித்த பிறகுதான் எதையும் எடுத்து ஊற்றுகிறேன். “உப்பு டப்பாவுக்கு என்னத்துக்குப் பேரு, நாக்குல வச்சா தெரியாதா?” என்று அவர் கேலி செய்கிறார். செய்யட்டும்.

பிரிக்காதீர்கள் அப்பா.

உங்கள்
விஜயஸ்ரீ

பாளையங்கோட்டை
12-7-1995

அன்பு விஜிக்கு,

பிரித்துவிட்டோம்! உன் கடிதம் வந்த அன்று காலையில்தான் பிரித்தோம். நீ பயந்ததுக்கு மாறாக நல்ல சேதிதான். உட்கார்ந்து படி.

நம்ம ஊர் வண்ணாரப்பேட்டை இசக்கிமுருகன் பட்டறையில் ஒரு மாதமாக வேலை நடக்கிறது. கண்காட்சிக்கு வைக்கிறவர்கள் ஆணிகூடச் சீமையிலிருந்துதான் வரணும் என்பார்கள். எனக்கு ஓடினால் போதும். ரேடியேட்டர் ஜீப்பினுடையது, ஒயரிங் அம்பாசடருடையது. மேலப்பாளையம் மைதீன் பாத்திமா மேல்கூரைக்குக் கித்தான் தைத்துக் கொடுத்தாள். “பைய போங்க சார், வெரசாப் போனீங்கன்னா கூரை பறந்து வாய்க்கால்ல கெடக்கும்” என்று எச்சரிக்கையும் கூடவே. போன வெள்ளிக்கிழமை இன்ஜின் பிடித்தது. முதலில் இருமினது, அப்புறம் பழைய குரலில் உறுமினது. நான் அழுதேன் என்று இசக்கிமுருகன் ஊரெல்லாம் சொல்கிறான். புகை கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

நேற்று பிரேக்கைத் திறந்தான். திறந்ததும் கூப்பிட்டான். “அண்ணாச்சி, இங்கன வந்து பாருங்க. ரப்பர் பூராவும் ஊறி வீங்கிக் கெடக்கு. பிரேக் ஆயில் டப்பியில எவனோ இன்ஜின் ஆயிலைக் கொண்டுபோய் ஊத்திருக்கான். இது ரப்பரைத் தின்னுரும். ஒரு நாள், ரெண்டு நாள் தாங்கும். மலையில எறங்கும்போது சூட்டுல கைவிட்டுரும்.”

கேட்டாயா? நான் பறத்தவில்லை! நான் கொல்லவில்லை! அம்மையப்பனுக்கும் எழுதிப் போடப் போகிறேன். இனி நீ என் முகத்தைப் பார்க்கலாம், ஊருக்கு வரலாம்.

ஆனால் ஊற்றினவனை விடமாட்டேன். சரஸ்வதி பூசைக்கு நாலு நாள் முன்னால் வண்டியை சர்வீஸ் பண்ணினது சுடலைமாடன் என்ற மெக்கானிக். இப்போது சாத்தான்குளத்தில் இருக்கிறானாம். அடுத்த வாரம் நேரில் போய்ச் சட்டையைப் பிடித்துக் கேட்கப் போகிறேன். அவன் கையை ஒடித்தால்தான் என் மனசு ஆறும்.

அப்பா

பாளையங்கோட்டை
24-7-1995

அன்பு மகள் விஜிக்கு,

போன கடிதத்தில் கிழவன் கொஞ்சம் குதித்துவிட்டேன். அதைக் கிழித்துப் போட்டுவிடு.

சாத்தான்குளம் போனேன். சுடலைமாடன் பாவம், இளைத்துப்போய்விட்டான், கண் சரியாகத் தெரியவில்லை. என் குரலைக் கேட்டதும், “யாரு, செவலைக்கார அண்ணாச்சியா?” என்று எழுந்து நின்றான். அவன்மேல் தப்பில்லை. பேசினோம், மோர் குடித்தேன், வந்துவிட்டேன்.

யார்மேலும் தப்பில்லை, விஜி. ரப்பர் பன்னிரண்டு வருஷம் சும்மா கிடந்தாலே வீங்கிவிடுமாம். இசக்கிமுருகன் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டான். நன்றாக யோசித்துப் பார்த்தேன், அன்று நான் வேகமாகத்தான் வந்தேன். அம்மா “பைய போங்க, பைய போங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தாள், நான் கேட்கவில்லை. கோர்ட்டில் சொன்னதும் சரி, மாமா சொன்னதும் சரி. அவனுக்கு எழுத நினைத்ததையும் எழுதவில்லை. பழைய பிரேக்கை நீ சொன்னபடி ஆற்றில் போட்டுவிட்டேன். இனி இந்தப் பேச்சு வேண்டாம்.

வீட்டில் பழைய பெட்டிகளை ஒதுங்க வைத்தேன். நீ அந்தப் பூசைக்குக் கட்டின பச்சைப் பட்டுப்பாவாடை இருந்தது. பூச்சி அரித்துவிட்டது, எரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, வேறு எடுத்துத் தருகிறேன்.

நன்றாகச் சாப்பிடு. நன்றாகத் தூங்கு.

அப்பா

கேபரோன்
28-7-1995

அப்பா,

சாத்தான்குளத்துக்குப் போகாதீர்கள். போயிருந்தால் திரும்பப் போய் அவர் காலில் விழுங்கள். என் பேரைச் சொல்லி விழுங்கள்.

ஊற்றினது நான்தான்.

பன்னிரண்டாம் தேதிக் கடிதம் நேற்று வந்தது. இது உங்கள் கைக்கு வர இன்னும் பதினைந்து நாள் ஆகும். அதற்குள் ஒன்றும் தெரியாத ஒரு மனுஷர் கையை ஒடித்துவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. போன் போடலாம் என்று எண்ணைச் சுழற்றினேன். உங்கள் குரல் கேட்டதும் வைத்துவிடுவேன் என்று தெரிந்தது, சுழற்றுவதை நிறுத்திவிட்டேன்.

பூசை அன்று காலையில் நீங்கள் செவலையைக் கழுவி, பானெட்டைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனீர்கள். யாரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானாகத்தான் போனேன். சின்ன டப்பியின் மூடியைத் திருகிப் பார்த்தேன், எண்ணெய் குறைந்திருந்தது. பக்கத்தில் எண்ணெய் டின் இருந்தது. நிறைய இருந்தால் நல்லதுதானே என்று வழிய வழிய ஊற்றினேன். பூசைப் பாவாடையில் கொட்டிவிட்டது. “ஏட்டி, புதுப் பாவாடையில இப்படிக் கறை பண்ணிட்டியே” என்று அம்மா தலையில் குட்டினாள். மறுநாள் அம்மா வண்டியில் ஏறினபோது, எனக்கு இடமில்லை என்று கோபம். டாட்டாகூடக் காட்டவில்லை.

அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது அப்பா, சத்தியமாகத் தெரியாது. எட்டு வருஷம் நானும் மாமாவோடு சேர்ந்து உங்களைத்தான் குற்றவாளி என்று நினைத்தேன். இங்கே வந்த புதிதில் எங்கள் பழைய காருக்கு எண்ணெய் ஊற்ற ஒத்தாசைக்குப் போனேன். அவர் சட்டென்று கையைப் பிடித்துவிட்டார். “பிரேக்ல இன்ஜின் ஆயிலை ஊத்தினா உயிரே போயிரும் விஜி” என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்றைக்குத் தெரிந்தது. அவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. எந்த முகத்தோடு ஊருக்கு வருவேன்?

அம்மாவைக் கொன்றது நீங்கள் இல்லை. மாமாவுக்கு எழுதுங்கள். எல்லாருக்கும் எழுதுங்கள். எனக்கு நீங்கள் எழுத வேண்டும் என்று இல்லை.

விஜி

பாளையங்கோட்டை
14-8-1995

என் கண்ணே விஜி,

உன் கடிதம் வந்தது. எனக்கு முன்னாலேயே தெரியும். “டப்பி மூடியை நானேதான் இறுக்கி மூடித் தந்தேன் அண்ணாச்சி. வீட்டுல யாராச்சும் தொறந்தாங்களா?” என்று சுடலைமாடன் கேட்டான். அந்தக் கேள்வியோடு பஸ்ஸில் வரும்போது, கருங்குளம் தாண்டினதும் உன் பாவாடைக் கறை ஞாபகத்துக்கு வந்தது. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். கறை அப்படியே இருந்தது. அதற்கப்புறம் எழுதினதெல்லாம் பொய். பிரேக்கை ஆற்றில் போட்டது மட்டும் நிஜம்.

நீ ஒன்றை மறந்துவிட்டாய். சின்னப் பிள்ளை, மறந்துதான் போயிருக்கும். அன்று குளிக்கப் போகும்போது, “ஏளா விஜி, எண்ணெய் குறைஞ்சிருக்கான்னு பாத்து ஊத்தி வை” என்று உன்னிடம் சொன்னது நான்தான். எந்த எண்ணெய் என்று சொல்லவில்லை. என் மகள் எல்லாம் தெரிந்தவள் என்று எனக்கு அவ்வளவு தலைக்கனம். அஜாக்கிரதை என்று கோர்ட்டில் சொன்னது சரிதான். உன் பேரில் அதை எழுத நான் விடமாட்டேன். அம்மையப்பனுக்கு ஒரு எழுத்துகூடப் போகாது.

நேற்று செவலையை எடுத்துக்கொண்டு தனியாக மலைக்குப் போனேன். ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்க ஆரம்பித்ததும் முதல் கியருக்கு மேல் போடவில்லை. மூன்றாவது வளைவு கண்ணில் பட்டதும், பெடலில் கால் வைக்கவே பயந்தேன். கண்ணை மூடக் கூடாது, மூடக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மிதித்தேன்.

நின்றது, விஜி. மிதித்தால் செவலை நிற்கிறது. அந்தப் பாலத்துச் சுவருக்குப் பத்தடி முன்னால் நின்றது. இறங்கி, சுவர்மேல் கொஞ்சம் பூ வைத்தேன். நீலாவிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவள் உன்னைக் கோபித்துக்கொள்ளவே மாட்டாள். கறைக்குக் குட்டினதோடு சரி.

மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு. தனியாகச் சுமக்காதே.

அப்பா

கேபரோன்
3-9-1995

அன்புள்ள அப்பாவுக்கு,

அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, உப்பு டப்பாவில் கிழிந்திருந்த பேரைப் புதுசாக எழுதி ஒட்டினார்.

நீங்கள் அப்படிச் சொல்லவே இல்லை. குளிக்கப் போகும்போது எதையோ முணுமுணுத்துக்கொண்டு போனீர்கள், என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு எல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் அந்த வரியை நாலு நாளாகத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நேற்று, பல வருஷத்துக்கு அப்புறம், விடிகிற வரைக்கும் தூங்கினேன்.

சுடலைமாடனுக்கு வேட்டி எடுத்து வைத்திருக்கிறேன். நானே போய்க் கொடுக்க வேண்டும். மாமாவிடமும் நானே சொல்ல வேண்டும். அதை நீங்கள் தடுக்கக் கூடாது.

டிசம்பர் பதினேழாம் தேதி நெல்லை எக்ஸ்பிரஸில் வருகிறோம். ஜங்ஷனுக்கு நீங்கள் வர வேண்டும். பெட்டிகளோடு அவர் டாக்சியில் வந்துகொள்வார், இடமில்லை என்று இந்தத் தடவை கோபித்துக்கொள்ள வேண்டியது அவர்தான். வீட்டுக்குப் போகும் முன்னால் அந்தப் பாலத்துச் சுவரை எனக்குக் காட்டுங்கள். அம்மா சீட்டில் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

பயமாகத்தான் இருக்கிறது அப்பா. ஆனாலும் செவலையிலேயே வாருங்கள்.

உங்கள் மகள்
விஜி