தையில் விழாத பனி

என் பிரியமுள்ள மாப்ளே முருகையாவுக்கு,

நீ போய் வருசம் திரும்பிவிட்டது. ராஜபாளையத்தில் என் மாங்காய்க் கடையில் நீ உட்காரும் மரப்பெட்டியை இன்னும் எடுக்கவில்லை. வேறு யாராவது அதில் உட்கார்ந்தால் எனக்குக் கோபம் வருகிறது. வியாபாரிக்கு இது ஆகுமா?

தேவதானத்துக்கு மேற்கே, மலையடியில் உன் மாந்தோப்பு. ஒவ்வொரு தையிலும் தோப்புக்கும் காட்டுக்கும் நடுவே காய்ந்த புல்லை ஒரு பட்டையாக எரித்துவிடுவாய். கோடையில் மலையில் தீப்பிடித்தால் அந்தப் பட்டையைத் தாண்டித் தோப்புக்குள் வராது. மேலே நிற்கும் காட்டுப்புல் பனியில் நனைந்திருக்கும் என்பதால் நீ வைக்கும் தீயும் மலை ஏறாது. உன் அப்பாவும் அப்படித்தான் செய்தார்.

போன தையில் உனக்கு போன் பண்ணினேன். "மழை ஏமாத்திட்டுப் போயிருச்சுலே. புல்லு மார்கழியிலயே வெளுத்துக் கெடக்காமே, பனி விழட்டும், செத்தப் பொறுத்துத் தீ வைக்கலாம்லா?" என்றேன்.

நீ சிரித்தாய். "தை மாசம் மாமா. பனி எங்க போயிரப் போவுது?"

பனி வரவில்லை மாப்ளே. விடியலில் நீ வைத்த தீ பட்டையில் நிற்காமல் மேட்டில் ஏறியது. பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு நீ அதன் பின்னாலேயே ஓடினாய். கீழே ஓடியிருந்தால் பிழைத்திருப்பாய். தோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, காடு எரிந்தால் எரியட்டும் என்று விட உனக்கு மனசு வரவில்லை. புகை உன்னை அங்கேயே சாய்த்துவிட்டது.

டீக்கடையில் ஒருத்தன், "காட்டைக் கொளுத்துனவனுக்கு இம்புட்டு அழுகையா?" என்றான். "ஏலே, அணைக்கப் போயிச் செத்தாம்லே அவன்!" என்று கத்திவிட்டேன். அவன் வாயை அடைத்தேன், ஊர் வாயை என்ன செய்வது?

தீ ஏறிய அந்தச் சரிவு மழைக்குத் துளிர்க்கும் என்று நம்பினோம். மரங்கள் கரிக்கட்டையாகவே நிற்கின்றன. நடுவில் உண்ணிச்செடியும் நெட்டைப் புல்லும்தான் மண்டிக்கிடக்கின்றன. அடுத்த தீக்கு அதுதான் விறகு.

தோப்பை ஒட்டிய ஓடையில் ஐப்பசியிலும் கால் நனைக்கத்தான் தண்ணீர். கரையோர மரங்கள் காலத்துக்கு முன்பே மொட்டையாகிவிட்டன. அங்கே கூடு கட்டும் பெரிய சாம்பல் அணில் இப்போது உன் மாமரத்தில் குடியேறிவிட்டது. பூவைக் கடிக்கிறது, பிஞ்சைக் கடிக்கிறது. உன் பெண்டாட்டி செல்லம்மா விரட்டுவதில்லை. "அதுக்குப் போக்கிடம் ஏதுண்ணே?" என்கிறாள்.

அவளுக்குப் போக்கிடம் உண்டு. "தோப்ப வித்துட்டு வந்துரு" என்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவள் தம்பி நெருக்குகிறான். அவள் மசியவில்லை. நீ விழுந்த இடம் தோப்பிலிருந்து பார்த்தால் தெரிகிறது, அதனால்தானோ என்னவோ.

இந்தத் தையிலும் பனி இல்லை. பட்டை போடாவிட்டால் சித்திரையில் தோப்பு போய்விடும். தீப்பெட்டியைத் தொட மாட்டேன் என்று செல்லம்மா சொல்லிவிட்டாள். அதனால் ஆளுக்கொரு மண்வெட்டி எடுத்துப் புல்லைச் செதுக்கினோம். வெறும் மண் தெரிந்தது. பெருமையாக இருந்தது மாப்ளே, பொய் சொல்வானேன்.

மறுவாரம் போனால் பட்டை முழுக்கச் சருகு. எரியாமல் மிஞ்சிய காடு நிற்காமல் உதிர்த்துக்கொண்டிருக்கிறது. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். செல்லம்மா ஒரு விளக்குமாற்றை என்னிடம் நீட்டினாள். "கூட்டிப் போடுவோம்ணே. வேற என்ன செய்ய?"

இப்போது வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறிவிடுகிறேன். அவள் வடக்கிலிருந்து கூட்டுகிறாள், நான் தெற்கிலிருந்து. நடுவில் சேரும்போது திரும்பிப் பார்த்தால் பின்னால் மறுபடி சருகு. மறுபடி முதலிலிருந்து கூட்டுகிறோம்.

மழை விழும்வரை கூட்டுவேன் மாப்ளே, இது என் வாக்கு. அது எந்த மாதம் என்று மட்டும் என்னிடம் கேட்காதே.

உன் மாமன்,
சாகுல் அமீது