உன் இரண்டு பிள்ளைகளுக்கும் இருந்த ஒரே இடம்

என்னை வளர்த்த கையோடு, உன் பிள்ளைகளை என் கையில் விட்டுப்போன அக்காவுக்கு,

ரூபி பத்தாம் வகுப்புப் பரீட்சையை மறுபடி எழுதப் போகிறாள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். மறுபடியா, ஏன், என்ன ஆயிற்று என்று நீ கேட்பாய். உன் கல்லறைக்கு வந்து சொல்லலாம் என்றால் அங்கே அழுகைதான் முந்திக்கொண்டு வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனபோது எஸ்தரும் ரூபியும் ஆறாம் வகுப்பில் இருந்தார்கள். கடைக்குட்டி சாம் தவழ்ந்துகொண்டிருந்தான். நீ ஒரே வயிற்றில் சுமந்த இரட்டைப் பிள்ளைகள். எது எஸ்தர், எது ரூபி என்று நாம் பிழைக்க வந்த இந்த நல்லூரில் நம் லைன் வீட்டுக்காரர்களுக்கே குழப்பம். எனக்குக் குழப்பம் வந்ததில்லை. எஸ்தர் மூச்சு விட்டால் விசில் சத்தம் கேட்கும்.

அந்த விசில்தான் எல்லாவற்றையும் முடிவு செய்தது. நீ போனபிறகு சபைப் போதகர் அலைந்து திரிந்து, தெற்கே நம் சொந்த ஊர்ப் பக்கத்து மிஷன் போர்டிங்கில் தாயில்லாப் பிள்ளைக்கென்று ஓர் இடம் வாங்கித் தந்தார். ஒரே ஓர் இடம். பனியன் துணி பின்னுகிற பக்கத்து நிட்டிங் கம்பெனியின் பஞ்சுத் தூசி எஸ்தருக்கு ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அத்தான் எஸ்தரை அனுப்பினார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நீ இருந்திருந்தால் யாரை அனுப்பியிருப்பாய்?

ஆனால் படிப்பைப் பார்த்து அவளை யாரும் அனுப்பவில்லை, அக்கா. படிப்பில் ரூபிதான் வேகம். கம்பெனியிலிருந்து நான் கொண்டுவந்த உடைந்த பட்டன்களைத் தரையில் பரப்பி, எஸ்தருக்கு வகுத்தல் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். நீ சோறு வடித்துக்கொண்டே அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாய்.

எஸ்தர் ரயிலேறிய பிறகு ரூபிக்கு வேறொரு வாழ்க்கை ஆரம்பித்தது. அத்தானுக்கு வீரபாண்டிச் சாயப்பட்டறையில் இரவு ஷிப்ட். பகலில் அந்த ஒற்றை அறையில் அவர் தூங்க வேண்டும். பிள்ளை வாய்விட்டுப் படித்தால் அவர் தூக்கம் கெடும், விளக்கைப் போட்டாலும் கெடும். தண்ணீர் வருகிற காலையில் குடத்தோடு வரிசையில் நின்றுவிட்டு, சாமைப் பால்வாடியில் விட்டுவிட்டு அவள் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது முதல் பீரியட் முடிந்திருக்கும். பெரும்பாலும் அது கணக்குப் பீரியட். சாயங்காலம் மறுபடி சாம், சோறு, துணி. எல்லாம் முடித்துப் புத்தகத்தைத் திறந்தால் அதன் மேலேயே தலை சாய்ந்துவிடும். அடுத்த தெருவில் நான் இருந்தும், ஓவர்டைம் முடிந்து வந்து பார்க்கிறபோது அவள் தூங்கித்தான் கிடப்பாள்.

ஒருமுறை அரை நாள் பெர்மிஷன் போட்டுவிட்டு அவள் வாத்தியாரைப் பார்க்கப் போனேன். நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். "ஏனுங்க, இந்தப் புள்ள நெதமும் லேட்டுங்க. சொல்லிக்குடுத்தா அந்நேரம் தலையாட்டுது, மறுநா கேட்டா முழிக்குது. படிப்பு ஏற மாட்டீங்குதுங்க. ஊட்டுல ஆரும் பாக்கறதில்லீங்களா?" என்றார். ஒரு வகுப்பில் அத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் வேறு எதைக் கேட்பார்? பார்க்க வேண்டிய நீ மண்ணுக்குள் இருக்கிறாய், பார்க்கக்கூடிய நாங்கள் மெஷினுக்கு முன்னால் இருக்கிறோம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சரிங்க சார் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் மார்க்கைப் பார்த்து பெஞ்ச் மாற்றுவார்கள். ரூபி கடைசி பெஞ்சில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்தால் நம் ஊர்ப் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்கள் என்று வாயைத் திறப்பதையே விட்டிருந்தாள்.

அங்கே எஸ்தருக்கு மணி அடித்தால் சாப்பாடு, மணி அடித்தால் படிப்பு. எல்லாப் பிள்ளைகளும் குனிந்து படிக்கிற கூடத்தில் இவளும் குனிந்து படித்தாள். மூச்சும் சீராகிவிட்டது. லீவுக்கு வருகிறபோதெல்லாம் கன்னம் கொஞ்சம் பூசி இருக்கும், பேச்சில் இங்கிலீஷ் வார்த்தை ஒன்று கூடியிருக்கும். பிள்ளைகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் இப்போது யாருக்கும் குழப்பம் வருவதில்லை.

ரிசல்ட் வந்த அன்று எஸ்தர் இங்கேதான் இருந்தாள். இருவரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போனேன். எஸ்தர் நானூறைத் தாண்டியிருந்தாள். ரூபி இங்கிலீஷிலும் கணக்கிலும் பெயில். கணக்கில், அக்கா! எஸ்தர் அந்தக் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரூபி அவள் தோளைத் தட்டிவிட்டு என்னிடம் திரும்பி, "சித்தி, வெயிலேறப் போவுது, சாமைப் பக்கத்து வீட்ல விட்டுட்டு வந்திருக்கோம், வாங்க" என்றாள். வருத்தப்படுவதற்குக்கூட அந்தப் பிள்ளைக்கு நேரம் கிடைக்கவில்லை.

இரண்டையும் கேட்டுவிட்டு அத்தான் தலையெழுத்து என்றார். அந்த வாரமே, பெண் பிள்ளைகளை வேலைக்குச் சேர்க்கிற நூல் மில் ஏஜென்ட் வந்துவிட்டான். மூன்று வருஷம் மில்லிலேயே தங்கி வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகக் கொடுப்பார்களாம். நம் லைனிலிருந்தே எத்தனை பிள்ளைகள் அந்த வேனில் ஏறிப் போயிருக்கிறார்கள்! திரும்பி வந்தவர்களின் முகங்களை நான் பார்த்திருக்கிறேன். அத்தானிடம் சண்டைக்குப் போனேன். அவர் சத்தம் போடவில்லை.

"வயசுக்கு வந்த பிள்ளைய ராத்திரியில தனியா விட்டுட்டு நான் பட்டறையில எப்படி நிம்மதியா நிப்பேன்? மில்லுன்னா காம்பவுண்டு இருக்கு, கேட்டு இருக்கு. நீயே சொல்லு" என்றார். அவர் கண்ணில் தூக்கமும் பயமும்தான் இருந்தன.

அப்போது பதில் சொன்னவள் எஸ்தர். "நான் பிளஸ் ஒன்னுக்குப் போகல. இங்க இருந்து சாமைப் பாத்துக்கிடுதேன். என் இடத்துல அவள அனுப்புங்க. எனக்குப் படிப்பைப் பழக்கினதே அவதான்."

கைகால் கழுவிக்கொண்டிருந்த ரூபி ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள். "ஏட்டி, நான் மக்கு. பெயிலானவள போர்டிங்ல சேப்பாங்களா? நீ போ. ரெண்டு பேர்ல ஒருத்தியாவது போ."

அக்கா, அவர்கள் ஒருத்தியை ஒருத்தி பிடித்துத் தள்ளாத குறையாகப் பேசினார்கள். ஒரே இடத்தை நீ எடுத்துக்கொள், நீ எடுத்துக்கொள் என்று இரண்டு குழந்தைகள் மன்றாடுகிறார்கள். இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு இடம் ஏன் இல்லை என்று இந்த ஊரில் யாரைப் போய்க் கேட்பது? அதைவிட என்னைக் கொன்றது அந்த ஒரு சொல்தான். மக்கு. யாரோ சொன்னதை அவள் நம்பிவிட்டாள்.

எஸ்தரைச் சமாதானப்படுத்தி ரயிலேற்றினோம். ரூபி மில்லுக்கு என்று ஆயிற்று. மறுவாரம் காலையில் மில் வேன் வந்து நின்றது. ரூபி இரண்டு செட் துணியைப் பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். சாம் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். நான் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டேன். "அத்தான், நான் இனிமே கம்பெனிக்குப் போகல. பகல்ல சாமை நான் பாக்கேன். ராத்திரி ரூபியும் அவனும் என் வீட்ல படுக்கட்டும். அவ பரீட்சை எழுதணும்" என்றேன். இதை நான் முன்கூட்டி யோசித்து வைத்திருக்கவில்லை. அத்தான் வேனுக்குப் போய் ஏதோ சொன்னார். ஏஜென்ட் கோபப்படவில்லை. "அவசரமில்லீங்க, யோசிச்சுச் சொல்லுங்க. அடுத்த மாசமும் வருவமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் வருவான், அக்கா. அது எனக்குத் தெரியும்.

இப்போது வீட்டிலிருந்தே கம்பெனிப் பனியன்களில் தொங்குகிற நூல் பிசிர் வெட்டுகிறேன். என் சம்பளம் நின்றதிலிருந்து என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தே சாப்பிடுகிறார். அத்தான் என்னோடு பேசிப் பல நாளாகிறது. ரூபி டுட்டோரியலுக்குப் போய்விட்டு வந்து புத்தகத்தைத் திறக்கிறாள். ஏழாம் வகுப்பிலேயே விட்டுப்போன கணக்கைப் பத்தாம் வகுப்பில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? ஒரு பக்கத்தை முடிக்கும் முன்னே எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுகிறாள். உட்கார் என்றால், "சும்மா உக்காந்து படிச்சா தப்பு பண்ற மாதிரி இருக்கு சித்தி" என்கிறாள். அவளை எப்படி உட்கார வைப்பது? உனக்கு ஏதாவது வழி தெரியுமா?

எஸ்தர் ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்கிறாள். மார்க்கைப் பற்றிப் பேசுவதேயில்லை. ரூபி இருக்காளா என்று மட்டும்தான் கேட்கிறாள். இருக்கிறாள் என்று சொன்ன பிறகுதான் மூச்சு விடுகிறாள்.

நேற்று ரூபி என்னிடம் கேட்டாள்: "சித்தி, மறுபடியும் பெயிலாயிட்டா என்னைய என்ன செய்வீங்க?" நான் பாஸ் ஆயிருவ என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் வாயில் வரவில்லை. அவளைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

பதிலை உன்னிடம் சொல்கிறேன். அவள் தேறுவாள் என்று உனக்கு என்னால் வாக்குக் கொடுக்க முடியாது, அக்கா. தோற்றால் அடுத்த பரீட்சைக்கும் நானே அவளைக் கூட்டிப் போவேன். அதிலும் தோற்றால் அதற்கடுத்ததற்கும். எத்தனை முறை தோற்றாலும் என் வீட்டில் அவளை யாரும் மக்கு என்று கூப்பிட விடமாட்டேன். அவளாகச் சொல்லிக்கொண்டாலும் விடமாட்டேன்.

உன் இடுப்பில் உட்கார்ந்து ஊரைப் பார்த்த தங்கச்சி,
உன் பிள்ளைகளின் சித்தி,
கிரேஸ்