மூன்றாவது தட்டு மண்

என் பஞ்சவர்ணத்துக்கு,

இதை நானேதான் எழுதுகிறேன். உன் பெயரை எழுத மட்டும் ஒரு காலைப்பொழுது ஆயிற்று. எழுதி முடித்து மூன்று தடவை வாசித்தேன், சிரிப்பு வந்துவிட்டது. மாலை வகுப்புக்குப் போகிறேன். அங்கே எழுபதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். பஸ்ஸில் ஊர்ப்பெயரை நானே வாசித்து ஏறுகிறேன், தெரியுமா?

சந்தோஷம் அதோடு சரி. மீதிச் சேதி உனக்குப் பிடிக்காது.

நீ கண்மூடிய மறு வருஷம் நம் மலைச்சரிவை, படிபடியாய்க் கல் கட்டிய மூன்று தட்டு வயலோடு, கல்குவாரிக்குக் குத்தகைக்கு விட்டேன். எனக்கு ஏறி இறங்க முடியவில்லை, மகனுக்கு விவசாயத்தில் மனசில்லை. கல்லை உடைக்கும் முன் மேல்மண்ணைச் சுரண்டித் தனியாகச் சேர்த்து வைப்பார்களாம். வேலை முடிந்ததும் திரும்பப் பரப்புவார்களாம். எவ்வளவு ஆழம் மண் இருக்கிறது என்று பார்க்க குவாரி ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்தாள். கையில் திருகித் துளைக்கிற கம்பி.

"ஐயா, எந்தப் பக்கம் மண்ணு ஆழமா இருக்கும்?" என்று என்னைத்தான் கேட்டாள்.

நல்ல மண் என்று தெரிந்தால் லாரி லாரியாக விற்றுவிடுவார்கள் என்று பயந்தேன். அதனால் பாறை தலைநீட்டும் மேட்டைக் காட்டினேன்.

"எங்குட்டுத் தோண்டுனாலும் இம்புட்டுத்தேன் தாயி."

"கீழ மூணு தட்டும் பச்சையா இருக்கே?"

"அது பாறை ஊத்துத் தண்ணி."

நம்பிவிட்டாள். அரை அடி என்று எழுதினாள். நான் கைநாட்டு வைத்தேன். பெரிய கெட்டிக்காரன் என்று அன்றைக்கு வெற்றிலை கூட ஒரு தடவை அதிகம் போட்டேன்.

அந்த மூன்று தட்டு எப்படி வந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? "கல்ல நீக அடுக்குங்க, மண்ணு எம்பாடு" என்றாய். கோடைக்குக் கோடை கண்மாய் வற்றியதும் அடியில் படிந்த கரம்பை மண்ணைக் கூடையில் சுமந்து ஏற்றினாய். என் இடுப்பளவுக்கு ஏற்றினாய். அதைத்தான் ஊற்றுத் தண்ணீர் என்று சொன்னேன்.

பொக்லைன் வந்தது. மேல் தட்டில் அரை அடி சுரண்டி ஒதுக்கி வைத்தார்கள். அதற்குக் கீழே இருந்ததை அள்ளிக் கழிவுக் கல்லோடு சரிவில் தள்ளினார்கள். மறுநாள் நடுத் தட்டு. ஓடிப்போய் மறித்தேன்.

"அது மண்ணுய்யா."

"பேப்பர்ல அரையடிதேன் பெருசு. மிச்சமெல்லாம் கழிவு" என்றார் மேஸ்திரி. "நீங்கதேன இடம் காமிச்சீக? ரேகையும் உங்களுதுதேன?"

நடுத் தட்டும் சரிவில் போயிற்று. அடுத்து ஒரு மழை பெய்தது. தள்ளிய மண் முழுவதும் கரைந்து இறங்கி, நீ மண் எடுத்த கண்மாயிலேயே போய்ப் படுத்துக்கொண்டது. வருஷக்கணக்காக நீ ஏற்றியதை ஒரு மழை இறக்கிவிட்டது. யாரைத் திட்டுவது? அவர்களைத் திட்டினேன். பிறகு வீட்டுக்கு வந்து என்னைத் திட்டினேன்.

அதன் பிறகுதான் வகுப்புக்குப் போனேன். நான் முழுசாக வாசித்த முதல் காகிதம் அவள் எழுதிய அந்த அளவுத் தாள்தான். 'மேல்மண் ஆழம் அரை அடி, நில உரிமையாளர் முன்னிலையில்' என்று இருந்தது. கீழே என் பெருவிரல். நீ எட்டாவது படித்தவள். நீ இருந்திருந்தால் அந்த மையை என் விரலில் படவிட்டிருப்பாயா?

கீழ்த் தட்டு ஒன்று இன்னும் இருக்கிறது. அதை மறுபடி அளக்க வேண்டும் என்று குவாரி ஆபீசுக்கு மனு எழுதினேன். இரண்டு நாள் ஆயிற்று எழுத. நான் பொய் சொன்னதையும் அதில் எழுதினேன். அந்தப் பெண்ணே வியாழக்கிழமை வருகிறாள். அதுவரை பொக்லைன் நிற்கும் என்கிறார்கள். நிற்குமா, தெரியவில்லை. தினமும் போய்த் தட்டின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

பஞ்சவர்ணம், அவள் கேட்டால் இந்தத் தடவை நீ கூடை கொட்டிய இடத்தைத்தான் காட்டுவேன். கம்பி எதுவரை இறங்குகிறது என்று பக்கத்தில் நின்று பார்ப்பேன். அவள் எழுதியதை நானே வாசிப்பேன். சரியாக இருந்தால்தான் பெயரை எழுதுவேன், விரலை நீட்ட மாட்டேன்.

உன் மண்ணை ஊற்றுத் தண்ணீர் என்று சொன்ன,
உன் வீட்டுக்காரன்
கருப்பையா