ஒரே மனைக்கு மூன்று பேர்

ஆனி 8, சனி

விடியலிலிருந்து சாரல். துவைத்த சேலை காயவில்லை. மேலகரம் போய் வீட்டைப் பார்த்தேன். அதே இடுப்பளவுச் சுவர். கொத்தனார் ஒருவரும் இல்லை. என் மனைக்குள் குடையோடு ஒருவர். தென்காசி ஜவுளிக்கடை மீரான் அண்ணாச்சி.

"டீச்சர், இங்கன என்ன பாக்குதீங்க?"

"என் வீட்டைத்தான்."

"இது என் வீடுல்லா!"

அவர் காட்டிய முன்பணச் சீட்டிலும் அதே மனை எண். வீடு கட்டித் தருவதாக முன்பணம் வாங்கிய கம்பெனிக்காரரின் அதே கையெழுத்து. இருவரும் நனைந்துகொண்டே நின்றோம்.

ஆனி 10, திங்கள்

பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்தார்கள். காதில் விழவில்லை.

என் வீட்டுக்காரர் புளியறைக்கு அப்பால் தேயிலைத் தோட்டத்தில் கணக்கர். நான் பள்ளிக்கூட விடுதியில். ஆண்கள் உள்ளே வரக் கூடாது. மாதம் ஒரு ஞாயிறு வருவார். வராந்தா பெஞ்சின் அந்தக் கோடியில் அவர், இந்தக் கோடியில் நான், ஜன்னலுக்குப் பின்னால் வார்டனம்மாவின் இருமல். கல்யாணமாகி நாலு வருஷம். வீடு முடிந்ததும் செங்கோட்டை மரக்கடை வேலைக்கு இறங்கி வந்துவிடுவதாக இருந்தார். என் சம்பளம், வளையல் எல்லாம் அந்தச் சுவருக்குள்.

ஆனி 12, புதன்

வக்கீல் வீடு. நான், அண்ணாச்சி, அதே மனையை வாங்கிய சுரண்டை ஆசாரி.

"வீட்டுக்காரர் வரலியாம்மா?"

"பத்திரம் என் பேர்ல."

வக்கீல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"ரிஜிஸ்தர் ஆன ஒப்பந்தப் பத்திரம் டீச்சரோடது ஒண்ணுதான். மத்தது வெறும் சீட்டு. மோசடின்னு போலீஸ்ல பிராது குடுத்தா ஆளு உள்ள போவான், வீடு எழும்பாது. ஒப்பந்தப்படி நிலத்தை எழுதிக் குடுன்னு கேட்டா டீச்சருக்கு மட்டும் நிலம் வரலாம், மத்த ரெண்டு பேரும் நடுத்தெரு. மூணு பேரும் சேர்ந்து பணத்தைக் கேளுங்க. அது வாற வரைக்கும் நிலத்தை விக்கக் கூடாதுன்னு முன்சீப் கோர்ட்டுல தடை வாங்குவோம். டீச்சர் பத்திரம் முன்னால நின்னாத்தான் தடை நிக்கும்."

"எப்ப முடியும்?"

"வருஷக்கணக்குல இழுக்கும்மா."

ஆனி 14, வெள்ளி

தலைவலி. பள்ளிக்கூட வாசலில் கம்பெனிக்காரரின் ஆள். "உங்க பணம் முழுசும் நாளைக்கே வந்துரும். பத்திரத்தை மட்டும் ரத்து பண்ணிக் குடுத்திருங்க. கேஸ், கோர்ட்டுன்னு பொம்பளை எதுக்கு அலையணும்?"

சாயங்காலம் முழுக்க ஒரே யோசனை. அந்தப் பணத்தில் வாடகைக்கு ஒரு அறை போதும். கொடியில் அவர் சட்டை. ரசத்துக்கு உப்புக் குறைவு என்று அவர் சொல்ல வேண்டும். நான் கோபித்துக்கொள்ள வேண்டும்.

ஆனி 15, சனி

ஜவுளிக்கடைக்குப் போய்ச் சொன்னேன். அண்ணாச்சி துணியை மடித்துக்கொண்டே இருந்தார்.

"வாங்கிக்கிடுங்க டீச்சர். சின்னஞ்சிறுசுக. எங்களை அல்லா பாத்துக்கிடுவான்."

என் முகத்தைப் பார்க்கவில்லை. மடித்த துணியையே உதறி மறுபடி மடித்தார்.

நேரே வக்கீல் வீட்டுக்குப் போய், மூவரும் சேர்ந்து போடும் வழக்கு மனுவில் கையெழுத்துப் போட்டேன். விடுதிக்கு வந்து அழுதேன். நல்ல காரியம் செய்த நிறைவெல்லாம் இல்லை. அவர் வேண்டும். அவ்வளவுதான்.

ஆடி 3, வெள்ளி

தடை உத்தரவு ஆகிவிட்டது. ஆசாரி பாதி வாழைப்பழத் தார் கொண்டுவந்தார். விடுதி முழுக்கப் பழம்.

ஆடி 5, ஞாயிறு

இவர் வந்தார். இளைத்திருக்கிறார். நடந்ததெல்லாம் சொன்னேன். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா" என்றார். மனைக்குக் கூட்டிப்போனேன். சுவர்மேல் உட்கார்ந்தார்.

"அடுப்படி எது?"

காட்டினேன்.

"நீ அங்கன நின்னா நான் எங்கன இருப்பேன்?"

"இங்கனதான். எனக்கு எட்டுற தூரத்துல."

சிரித்தார். கையெழுத்துப் போட்டது சரிதான் என்றார்.

குற்றாலத்துக்கு நடந்தோம். அருவியில் நல்ல தண்ணீர். புளியறை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். பஸ் நகர்ந்தது. பத்தடி போய் நின்றது. இறங்கி வந்தார்.

"என்ன?"

"போவ முடியலை பாக்கியம்."

சத்திரத்தில் ஒரே ஒரு அறை காலி. மானேஜர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இவரைப் பார்த்தார். "எத்தனை நாளைக்கு வேணும்?"

இவர் என்னைப் பார்த்தார்.

"எத்தனை நாள் தருவீங்க?" என்றேன்.