அந்தோனியார் இல்லையென்று சொல்லவில்லை

நெடுந்தீவு மேற்கு
20.06.2005

அன்பு மருமகள் றொஷானிக்கு,

ஆண்டவருடைய கிருபையால் நானும் எமிலி மாமியும் எங்கள் ஆடுகளும் இங்கே நல்ல சுகம், வள்ளத்து இயந்திரத்துக்கு மட்டும்தான் நெஞ்சு வருத்தம். கனடாவில் இரவு வேலையும் பகல் நித்திரையுமாக இருக்கிற நீரும் அவ்வாறே சுகமாக இருக்கவேண்டுமென்று செபிக்கிறோம். இந்தக் கடிதம் முழுவதும் உம்முடைய அம்மாவைப் பற்றியது. ஆனபடியால் கதிரையில் இருந்து வாசியும், நின்றபடி வாசித்தால் விழுந்துவிடுவீர்.

கொழும்பில் ஒப்பரேசன் ஏன் ஒரு கிழமை பிந்தியது என்று கேட்டிருந்தீர். டொக்டருக்கு வேலை கூடிப்போச்சு என்று உம்முடைய அம்மா, அதுதான் என்னுடைய அக்கா, ரெலிபோனில் சொன்னாராம். அது பச்சைப் பொய். டொக்டர் அம்மா ஆயத்தமாகத்தான் நின்றார். உம்முடைய அப்பா உயிரோடு இருந்தால் அவர் எழுதியிருப்பார், அவருடைய இடத்தில் நிற்கிற நான் ஒரு சொல்லும் கூட்டாமல், கூட்டினாலும் கொஞ்சமாகக் கூட்டி எழுதுகிறேன். அக்காவுக்குக் கருப்பை இறங்கிய வருத்தம் என்பது உமக்குத் தெரியும், எவ்வளவு என்பது தெரியாது. பூசை முடியுமட்டும் நிற்க ஏலாமல் கோயிலுக்குப் போவதையே விட்டிருந்தார். படகு ஒரு அலையில் ஏறி இறங்கினால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வருகிறதென்று மாமியிடம் மட்டும் சொல்லி அழுதிருக்கிறார். வரப்போகிற உம்முடைய கலியாணத்துக்கு வரமாட்டேன், எனக்குக் குளிர் ஒத்துவராது என்று சாக்குச் சொன்னதும் இதனால்தான். முன்பு ஒருமுறை தைத்த தையலும் ஒரு மாரிக்கால இருமலோடு விட்டுப்போயிருந்தது.

கொழும்பு டொக்டர் அம்மா, வயிற்றைக் கிழிக்கவே தேவையில்லை என்றார். சின்னச் சின்னத் துளைகள் போட்டு, அதற்குள்ளால் கமராவை விட்டு ரீவியில் பார்த்துக்கொண்டே, இறங்கினதை ஒரு துண்டால் முள்ளந்தண்டின் அடி எலும்போடு தூக்கிக் கட்டுவார்களாம். பழையபடி தைத்தால் காணாதோ என்று அக்கா கேட்டார். இற்றுப்போன வலையில் நூல் பிடிக்காது, புது வலைத்துண்டு வைத்துத்தான் பொத்தவேண்டும் என்று நான் குறுக்கே விளக்கம் கொடுத்தேன். அந்த நிமிடமே டொக்டர் என்னைத் தனக்கு உதவி டொக்டராகச் சேர்க்க யோசித்ததை முகத்தில் கண்டேன், மரியாதைக்காகக் கேட்காமல் விட்டிருப்பார். எல்லாம் நல்லபடி போய்க்கொண்டிருந்தபோது, அந்தத் துண்டு எதிலே செய்தது என்று அக்கா கேட்டார். பன்றித் தோல், ஆனால் கழுவிச் சுத்தம் பண்ணி உயிரணு ஒன்றுமில்லாமல் வெறும் நார் மட்டும் மிஞ்சினது என்று டொக்டர் சொன்னார். அக்கா கட்டிலால் இறங்கிச் செருப்பைத் தேடத் தொடங்கினார்.

உம்முடைய அம்மாவின் பன்றிக்கறி வாசத்துக்கு நயினாதீவிலிருந்து சனம் நீந்தி வந்ததை நான் கண்ணால் கண்டவன். அப்படிப்பட்ட மனுசி சில வருடங்களாக ஏன் அதை வாயில் வைக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் வெளிவந்தது. "இந்த வருத்தத்தை மாத்தித் தாரும், மாறுமட்டும் பண்டியைத் தொடன் எண்டு அந்தோனியாருக்கு நேந்தனான். இப்ப அதையே வயித்துக்குள்ள வைச்சுத் தைச்சுக்கொண்டு அவருக்கு முன்னாலை போய் நிக்கிறதே?" என்றார். நான் டொக்டரைப் பக்கத்தில் கூப்பிட்டு, ஆடு எண்டு சொல்லிவிடுங்கோ அம்மா என்றேன். தானும் பொய் சொல்லமாட்டேன், என்னையும் சொல்ல விடமாட்டேன் என்றார். நேர்த்தி வாய்க்குத்தான், வயிற்றுக்கு வெளியால் போட்ட துளைக்கு இல்லை என்று அக்காவிடம் வாதாடிப் பார்த்தேன். உன்ர சட்டத்தை உன்ர மனிசிக்குச் சொல்லு என்றார். ஊருக்கு ரெலிபோன் எடுத்துப் பங்குச் சுவாமியைக் கேட்டோம், அவரும் பாவமில்லை என்றார். நான் சுவாமிக்கோ நேந்தனான், அந்தோனியாருக்கெல்லோ என்று அக்கா போனை வைத்துவிட்டார். இந்த இழுபறியிலேயே ஒரு கிழமை போய்விட்டது. டொக்டர் வெளிநாட்டுக்குப் போக இருந்தார், அடுத்த கிழமையும் தவறினால் பிறகு எப்போதோ தெரியாது. எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது, மருமகள். அக்கா இப்படியே திரும்பி வந்து வீட்டு மூலையில் கிடந்துவிடுவாரோ என்று நினைத்தேன்.

அடுத்த நாள் தன்னைக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். உள்ளே நிற்க ஏலாமல் தரையில் இருந்துவிட்டார், நான் வெளியே அவருடைய செருப்புக்குக் காவல். வந்தவர், வா ஆசுப்பத்திரிக்குப் போவம் என்றார். என்ன நடந்ததென்று கேட்டேன். "என்ர சதை அதுக்குள்ளாலை வளந்து அதைத் தன்ரையாக்கிப்போடும் எண்டு டொக்டர் சொன்னவ. அப்ப அது பண்டியில்லை, நான். வளந்து முடியுமட்டும் வாயிலையும் வைக்கன் எண்டு அவருக்குச் சொன்னனான்" என்றார். அவர் என்ன சொன்னவர் என்று கேட்டேன். இல்லையெண்டு சொல்லேல்லை என்றார்.

பிறகென்ன, ஒப்பரேசன் வெற்றிதான். திரும்பி வரும்போது பனை உயரத்துக்கு அலை, படகில் ஆண்பிள்ளைகளெல்லாம் சத்தி எடுக்க (அதில் நான் இல்லை, மாமி சொன்னால் நம்பவேண்டாம்) அக்கா மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி வந்தார். போன கிழமை பதின்மூன்றாந் திகதி எங்கள் ஊரில் அந்தோனியார் திருநாள். சுற்றுப்பிரகாரம் கடற்கரை போய் வருமட்டும் சுரூபத்துக்குப் பின்னால் நடந்தார். களைத்தால் இருக்கட்டும் என்று நான் ஒரு கதிரையைத் தலையில் சுமந்துகொண்டு பின்னால் போனேன். அவர் ஒருதரமும் இருக்கவில்லை, சனமெல்லாம் அது என்னுடைய நேர்த்தி என்று நினைத்து எனக்கு வழிவிட்டது. சதை வளர்ந்து முடிந்தது, முழுக்கச் சுகம் என்று, சில மாதம் கழித்துக் காட்டினபோதே டொக்டர் சொல்லிவிட்டபடியால் மத்தியானம் மாமி பன்றிக்கறி வைத்தாள். அக்கா முதல் துண்டைக் கையில் எடுத்து, உள்ளை இருக்கிறவரைப் பாக்க இனசனம் வந்திருக்கு என்று சொல்லி வாயில் போட்டார். பிறகு கோப்பையை நீட்டி இன்னும் கேட்டார்.

பாரம் தூக்கக்கூடாது என்பது டொக்டரின் கட்டளை. ஆனபடியால் தண்ணீர்க் குடம் இப்போது என் இடுப்பில், தீவு முழுவதும் சிரிக்கிறது. அக்கா களவாகத் தூக்கப் பார்க்கிறார், ரெலிபோனில் நீரும் இரண்டு ஏச்சு ஏசும். உமது உடம்பையும் பாரும், நேரத்துக்குச் சாப்பிடும். அந்தோனியாரும் தேவமாதாவும் உம்மையும் மாப்பிள்ளையையும் கைவிடாமல் காப்பார்களாக. மறக்கவேண்டாம்: கலியாணப் பூசையில் உம்முடைய அம்மாவுக்கென்று கதிரை ஒன்றும் போடவேண்டாம். அவர் நிற்பார்.

இப்படிக்கு,
பாக்குநீரிணை முழுவதுக்கும் ஒரேயொரு உதவி டொக்டர்,
உமது மாமா
இன்னாசித்தம்பி