நாற்றமே இல்லாத ஆறு நிமிடம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே மூன்று பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீ அங்கே சளி இருமல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போன் இருக்க ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுவேன், விஷயம் பாதியில் நிற்கும். அப்பாவின் முழங்கால் பழையபடிதான், மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வீடு பூராவும் தேடுகிறார். உன் தங்கை பரீட்சை எழுதிவிட்டாள், என் வேலை உடுப்பை இன்னமும் இரண்டு விரலால்தான் தூக்குகிறாள் மகாராணி. ஆனால் வீட்டில் சிரிப்பு இல்லை. ரேடியோ மாமா போய் இன்றோடு பதினோரு நாள். உன் சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டே உலகத்து விஷயமெல்லாம் பேசுவாரே, கழிவுநீர் நிலையத்தில் என்னோடு பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர். பம்ப் குழியில் விஷவாயு தாக்கிவிட்டது என்று மட்டும்தான் அப்பா உனக்குச் சொன்னார். மீதியை என் வாயால் நீ கேட்க வேண்டும்.

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடி வீடுகள் வந்ததிலிருந்து எங்கள் பிழைப்பே நாற்றத்தோடு மல்லுக்கட்டுவதாகிவிட்டது. தொட்டிக்கெல்லாம் மூடி போட்டார்கள். மூடிக்கு அடியில் சேருகிற காற்றைப் பெரிய ஃபேன் ஒன்று இழுத்து, மருந்துத் தண்ணீர் கொட்டுகிற கோபுரத்துக்குள் அனுப்பும், அங்கே நாற்றம் கழுவப்பட்டு வெளியே போகும். பம்ப் குழியின் காற்றையும் அதே ஃபேன்தான் இழுக்கிறது. அன்றைக்கு மருந்து தீர்ந்துவிட்டது, லாரி வரவில்லை. மருந்தில்லாமல் ஃபேன் ஓடினால் நாற்றம் அப்படியே அந்த வீடுகளுக்குப் போகும் என்று மேலாளர் நிறுத்தச் சொன்னார், நான்தான் நிறுத்தினேன். பத்து மணிக்குப் பம்ப் அடைத்துக்கொண்டது. வாயுவை அளக்கிற மீட்டர் பழுதுபார்க்கப் போய் இரண்டு வாரம். ஃபேனைப் போடட்டுமா என்று மாமாவிடம் கேட்டேன். வேணாம்மா, போட்டா உடனே புகார் வரும், திட்டு வாங்கறது நீதானே, பத்து நிமிஷ வேலை என்று சொல்லிவிட்டு அடைப்பை எடுக்கக் குழிக்குள் இறங்கினார். நானும் விட்டுவிட்டேன். அந்த வாயு கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை போல நாறும், அதிகமானால் மூக்கே செத்துவிடும், ஒன்றும் தெரியாது. அதனால் நாங்கள் மூக்கை நம்புவதில்லை, குரலைத்தான் நம்புவோம். உள்ளே இருப்பவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், மேலே நிற்பவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவருக்கா பேசச் சொல்லித் தர வேண்டும், பக்கத்து வீட்டுப் பூனையைப் பற்றி ஒரு பாட்டம் பேசிக்கொண்டிருந்தார். அப்போது புகார் போன் அடித்தது. மூன்று தடவை மணி அடிப்பதற்குள் எடுக்காவிட்டால் அலுவலகத்தில் ஏன் என்று கேட்பார்கள். போன் இருக்கிற அறை பத்தடி தூரம்தானே, குரல் கேட்கிறதே என்று போனேன். திட்டு விழப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தால் ஒரு பெண், இன்னிக்கு நாத்தமே இல்லைங்க, ஜன்னலெல்லாம் திறந்து வச்சிருக்கோம், ரொம்ப நன்றி என்கிறாள். இத்தனை வருஷத்தில் நன்றி சொன்ன முதல் ஆள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது கண்ணா. எத்தனை பிள்ளைகள், எத்தனாவது மாடி என்று விசாரித்துக்கொண்டு இளித்தபடி நின்றேன். ஆறு நிமிடம். திரும்பி வந்தபோது குழியில் சத்தம் இல்லை.

இறங்கக் கூடாது, இறங்கினால் இரண்டாவது பிணம் நான்தான் என்று தெரியும். ஃபேனைப் போட்டேன், தீயணைப்புக்குச் சொன்னேன், குழி ஓரத்தில் மண்டியிட்டு அவர் பெயரைக் கத்திக்கொண்டே இருந்தேன். அவர்கள் கயிறு கட்டித் தூக்குகிற நேரம் பூராவும் போன் விடாமல் அடித்தது. ஃபேன் ஓடுகிறதல்லவா, நாற்றம் அந்தப் பக்கம் போய்விட்டது. எல்லாம் புகார்.

மூன்றாம் நாள் மேலாளர் ஒரு தாளை நீட்டினார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, மாமா யாரிடமும் சொல்லாமல் தானாக இறங்கினார், எனக்கு எதுவும் தெரியாது என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் உனக்கும் நல்லது என்றார். போனவர் திரும்பி வரப்போறாரா, நீ ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷம்தானே என்றார் அப்பா. போட்டுவிட்டேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, பயந்துதான் போட்டேன். இப்போது ஊரில் மாமா குடித்திருந்தார் என்கிறார்கள், டீயைத் தவிர எதையும் தொடாத மனிதரை. முந்தாநாள் அவர் மனைவியைப் பார்க்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டாரே அக்கா, உங்ககிட்டகூடவா சொல்லாம இறங்கினாரு என்று கேட்டாள். சொல்லவில்லை என்று தலையாட்டினேன். அந்த வீட்டுப் படியை எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது.

நாளைக்கு விசாரணை அதிகாரி வருகிறார். முதலில் அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு, அப்புறம் அவரிடம் ஒன்று விடாமல் சொல்லப்போகிறேன். வேலை போகலாம், என் மேலேயே வழக்கு வரலாம். அப்பா இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும், அதனால் தடுக்கப் பார்க்காதே, லீவு போட்டு ஓடியும் வராதே. தங்கைக்கு மட்டும் நீயே பக்குவமாக எடுத்துச் சொல்.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும் ராசா, உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது. ஒன்றை மட்டும் மறக்காதே. நீயும் மின்கம்பத்தில் ஏறுகிற கூட்டத்தோடு வேலை பார்க்கிறவன். உன்னை நம்பி ஒருத்தர் மேலே இருக்கும்போது போன் அடித்தால் எடுக்காதே. நான் கூப்பிட்டாலும் எடுக்காதே.

உன் அம்மா