ஐந்து பேருக்கு ஒரு சாவி

ஓசூர்
12.8.2004

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா ஜெபக்கூட்டத்துக்கு நடந்தேதான் போகிறார்களா?

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது. பயப்படாதீர்கள், முடிந்துவிட்டது. தொழிற்சாலை ஸ்டோருக்கு நான் எழுதிய மென்பொருள் மாதக் கடைசியில் ஓர் அறிக்கை கொடுத்தது. ஸ்டோரில் வேலை செய்யும் ஐந்து பேரில் தேவமணி அண்ணன் மட்டுமே எல்லாப் பொருளையும் எடுத்துக் கொடுத்ததாக அதில் இருந்தது. மற்ற நால்வரையும் வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்றார் மேலாளர்.

ஸ்டோருக்கு ஓடினேன். அந்த நால்வரில் ஒருவரான பார்வதி அக்கா சிரித்தார்.

"அலமாரிக்கு ஒரே சாவிதானுங்க மேடம். யாரு கையில இருக்குதோ அவங்க தொறப்போம். நீங்க அண்ணனுக்குக் குடுத்த பாஸ்வேர்டும் சாவிதானேன்னு அஞ்சு பேரும் அதையே போட்டோம்."

முதல் நாள் நான் கேட்டது ஒன்றுதான்: பொறுப்பாளர் யார்? தேவமணி அண்ணன் என்றார்கள்; அவருக்கு மட்டும் பாஸ்வேர்ட் கொடுத்தேன். தவறு என்னுடையது என்று மேலாளரிடம் சொன்னேன். நால்வரின் வேலையும் தப்பியது.

இப்போது ஆளுக்கொரு பாஸ்வேர்ட். ஆனால் ஒருவர் டீ குடிக்கப் போனால் அவர் வேலையை இன்னொருவர் தொடுவதில்லை. "நான் செஞ்சா அவரு சும்மா இருந்த மாதிரி காட்டுமுங்க" என்கிறார் பார்வதி அக்கா.

பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது, கொஞ்சம் அனுப்புங்கள். நம் வீட்டுச் சாவி ஒன்று என் பையிலேயே வந்துவிட்டது. அவசரமில்லை என்றால் அது என்னிடமே இருக்கட்டும், அப்பா.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

ஃபெபா